இலையில் வைத்த நாலு துண்டு

திராட்சைக் கலரை வைத்துத் திருவிருந்து நடத்திய சபை இந்த உலகத்தில் எங்களுடையது ஒன்றாகத்தான் இருக்கும். கலர் என்றால் பெட்டிக்கடையில் விற்கிற கலர்தான், மூடியைத் திறந்தால் புஸ்ஸென்று பொங்குமே, அதே. அந்தக் கூத்துக்குக் காரணம் நான். அப்போது எனக்குப் பன்னிரண்டு வயது, ஏழாவது படித்துக்கொண்டிருந்தேன். கோபத்தில் செய்தேன். பதினெட்டு வருஷம் ஆகிவிட்டது, கோபம் இன்னும் தீர்ந்தபாடில்லை. போன மாதம் அம்மா போகிறபோக்கில் ஒரு விஷயம் சொன்னாள், அதிலிருந்து கோபம் கூடித்தான் போயிருக்கிறது. ஆனால் இப்போது அதில் பாதி என்மேலேயே திரும்பிவிட்டது.

திருச்செங்கோட்டிலிருந்து ஏழெட்டு மைல் தள்ளி எங்கள் ஊர். ஊர் ஆம்பளைகளில் பாதிப்பேர் ரிக் வண்டியில் வடக்கே போய்விடுவார்கள். அங்கே ஊர் ஊராக ஆழ்துளைக் கிணற்றுக்குப் போர் போட்டுத் திரிந்துவிட்டு, எட்டு மாதமோ பத்து மாதமோ கழித்து கறுத்துப்போய் வந்து சேர்வார்கள். அப்பாவும் அப்படித்தான். துளையில் இறக்கும் இரும்பு ராடு மாட்டும் ஆளாகப் போய் டிரில்லராக ஆனவர். அம்மா தறிக்குப் போனாள். வீட்டில் நானும் அவளும் மட்டும்.

கிறிஸ்தவக் குடும்பங்கள் ஊரில் முப்பதுகூட இல்லை. ஓடு வேய்ந்த சின்ன ஆலயம், அதற்கு ஒரு கமிட்டி. போதகருக்கு எங்களைப் போல இன்னும் நாலு ஊர் இருந்ததால் மாதத்தின் முதல் ஞாயிறு மட்டும்தான் எங்களுக்கு வருவார். அன்றைக்குத்தான் திருவிருந்து. பேராயர் கையால் திடப்படுத்தல் பெற்ற பெரியவர்கள் வரிசையாகப் போய் மரக்கிராதி முன்னால் முழங்கால் போடுவார்கள். போதகர் ஒவ்வொரு கையிலும் அப்பத்தை வைத்து, ஒரே வெள்ளிக் கிண்ணத்திலிருந்து எல்லாருக்கும் திராட்சை ரசம் கொடுத்துக்கொண்டே போவார். எங்களைப் போன்ற பொடிசுகள் பாயில் உட்கார்ந்து வேடிக்கை பார்ப்போம்.

அம்மா கல்யாணத்தால் சபைக்கு வந்தவள். கல்யாணத்துக்கு முந்தின வாரம்தான் அவளுக்கு ஞானஸ்நானம் கொடுத்தார்களாம். பிறவியிலேயே சபைக்காரர்களாக இருந்தவர்களைவிட அவளுக்குத்தான் அந்தக் கிராதி பெரிதாக இருந்தது. மற்றவர்கள் வாங்கிக்கொண்டு எழுந்துவிடுவார்கள். இவள் மட்டும் ஒரு நிமிஷம் அதிகமாக இருப்பாள். அப்பா, அப்பா ஏறியிருக்கும் வண்டி, கம்ப்ரசர், ராடு என்று எல்லாவற்றையும் பேர் சொல்லி அங்கே ஒப்படைத்துவிட்டுத்தான் வருவாள். அதற்குப் பிறகு ஒரு மாதம் நிம்மதியாகத் தூங்குவாள்.

இன்னொன்றும் உண்டு. அந்தக் கிண்ணத்துக்கு ரசம் காய்ச்சுவதே அம்மாதான். சனிக்கிழமை கறுப்பு உலர் திராட்சையை ஊறவைத்து, தலைக்குக் குளித்துவிட்டு வந்து அடுப்பில் ஏற்றுவாள். வெந்ததும் வெள்ளைத் துணியில் வடிகட்டிப் பாட்டிலில் ஊற்றுவாள். ஒரு சொட்டு ருசி பார்க்க மாட்டாள். சாமிக்குப் போகிறதை நாம் முன்னால் ருசி பார்க்கக் கூடாது என்பாள். அது அவள் பிறந்த வீட்டிலிருந்து கொண்டுவந்த பழக்கம் என்று சபையில் சிலர் நமட்டுச் சிரிப்பு சிரிப்பார்கள். சிரித்துவிட்டு அந்த ரசத்தைத்தான் குடிப்பார்கள்.

அந்த ஆவணியில் அப்பாவின் முதலாளி புது ரிக் வண்டி எடுத்தார். புது வண்டி முதல் நடை கிளம்புமுன் கருப்பனார் கோயிலில் கெடா வெட்டுவது எங்கள் பக்கத்து வழக்கம். வண்டியில் போகிற அத்தனை பேர் வீட்டுப் பெண்களும் வந்து வயிறார உண்டு வாழ்த்தினால்தான் ஆட்கள் கைகால் சேதமில்லாமல் திரும்புவார்கள் என்று முதலாளியம்மாவுக்கு நம்பிக்கை. முந்தின வருஷம்தான் வேறொரு வண்டியில் ராடு நழுவி ஒருத்தருக்கு மூன்று விரல் போயிருந்தது. வரமாட்டேன் என்று அம்மா எந்த வாயால் சொல்லுவாள்?

எப்போதும் வேலையாட்கள் வீட்டுப் பெண்கள் பின்பக்கமாகப் போய்த் தூக்குப்போசியில் வாங்கிக்கொண்டு வந்துவிடுவார்கள். அன்றைக்கு முதலாளியம்மா அம்மாவின் கையைப் பிடித்து, பந்தியில் தனக்குப் பக்கத்திலேயே உட்கார வைத்துக்கொண்டாராம். தன் கையாலேயே இலையில் கறி வைத்தாராம். பந்தி முடிந்ததும் ஆம்பளைகள் ஏற, வண்டி மூன்று மணிக்கு வடக்கே கிளம்பிவிட்டது.

நான் பள்ளிக்கூடம் விட்டு வரும்போது மணி நாலரை. அம்மா தூக்குப்போசியைத் திறந்து என் முன்னால் வைத்தாள். உள்ளே மேச்சேரிக் கெடாவின் கறி, எலும்போடு நாலு பெரிய துண்டு. "தின்னு சாமி," என்றாள். எங்கள் வீட்டில் ஆட்டுக்கறி கிறிஸ்துமஸுக்கு ஒருதரம் எடுத்தால் உண்டு. நான் பையைக்கூடக் கழற்றாமல் உட்கார்ந்துவிட்டேன். அம்மா எதிரில் முழங்காலைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்து நான் தின்பதையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"எப்படி இருக்குது கண்ணு? உப்பு ஒறப்பெல்லாம் சரியா இருக்குதா?"

"காரம் சித்தெ தூக்கலும்மா," என்றேன். தலையாட்டிக்கொண்டாள். நான் முடித்ததும் போசியை வாங்கிக்கொண்டு போய்க் கழுவிக் கவிழ்த்தாள்.

இப்போது பட்டறைப் பெரியப்பாவைப் பற்றிச் சொல்ல வேண்டும். சொந்தப் பெரியப்பா ஒன்றும் கிடையாது. வெல்டிங் பட்டறை வைத்திருந்தார், சபைக் கமிட்டியில் மூத்தவர், பிள்ளைகள் எல்லாரும் அப்படித்தான் கூப்பிட வேண்டும். புது ரிக் வண்டிக்குத் தண்ணீர்த் தொட்டி பற்றவைத்தவர் அவர்தான். அதனால் அவரையும் கெடா வெட்டுக்கு அழைத்திருந்தார்கள். போய், வேப்ப மரத்தடியில் சேர் போட்டு உட்கார்ந்து, பந்தி முடிகிறவரை பார்த்துக்கொண்டே இருந்திருக்கிறார். இவர் சோற்றில் கை வைக்கவில்லை, கலர் மட்டும்தான் குடித்தாராம். இதை அவரே சபையில் பெருமையாகச் சொன்னார். மிஞ்சின கலரில் ஒரு பெட்டியை முதலாளி அவருடைய வண்டியில் ஏற்றி அனுப்பினதை மட்டும் சொல்லவில்லை. அதை அம்மா பார்த்திருந்தாள்.

அடுத்த வாரம் ஒரு சாயங்காலம் போதகரும் பெரியப்பாவும் எங்கள் வீட்டுக்கு வந்தார்கள். நான் வீட்டுப்பாடம் எழுதிக்கொண்டிருந்தேன். போதகர் சின்ன வயசுக்காரர், கெட்டவர் என்று சொல்ல மாட்டேன். வீட்டிலிருந்த ஒரே சேரில் நுனியில் உட்கார்ந்தார்.

"கருப்பனார் கோயில் விருந்துல உக்காந்தீங்களாம்மா?"

"உக்காந்தேனுங்க ஐயா."

"கறி தின்னீங்களா?"

அம்மா பதில் சொல்லுமுன் பெரியப்பா முந்திக்கொண்டார். "நாலு துண்டு வெச்சாங்க ஐயா. எலைய மூடறப்ப ஒண்ணுங்கூட இல்ல. என்ற ரெண்டு கண்ணால பாத்தேன்."

அம்மா என்னை ஒருமுறை பார்த்தாள். பிறகு போதகரைப் பார்த்து, "தின்னேனுங்க ஐயா," என்றாள்.

"பொண்ணுக்குக் குடுத்தீங்களா? எதுக்குக் கேக்கறேன்னா, அவ பேரு திடப்படுத்தல் லிஸ்ட்டுல இருக்குது. அவளும் தின்னிருந்தா பேர அடிக்க வேண்டியிருக்கும். பேராயர் இந்தப் பக்கம் வர்றதே மூணு வருஷத்துக்கு ஒருக்காத்தான்."

"இல்லீங்க ஐயா. அவ பள்ளிக்கூடம் போயிருந்தா."

நான் நோட்டைப் பார்த்துக் குனிந்துகொண்டேன். அந்தக் கறியின் ருசி அப்போதும் எனக்கு நாக்கிலேயே இருந்தது. எழுந்து நானும் தின்றேன் என்று சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. அம்மா எனக்காக ஒரு பொய் சொல்லிவிட்டாள் என்று நினைத்தேன், தப்பித்தோம் என்றும் நினைத்தேன்.

அம்மாவை ஆறு மாதம் திருவிருந்திலிருந்து நிறுத்தி வைத்தார்கள். விக்கிரகத்துக்குப் படைத்ததைத் தின்றவள் கர்த்தருடைய பந்தியில் சேரக் கூடாதாம். ஆறு மாதம் கழித்து, சபை முன்னால் எழுந்து மன்னிப்புக் கேட்டால் சேர்த்துக்கொள்வார்களாம். வாசல் தாண்டும்போது பெரியப்பா, "பழைய பழக்கம் அவ்வளவு சீக்கிரம் உட்டுப் போகுமுங்களா," என்று போதகரிடம் சொன்னது எங்கள் காதில் நன்றாகவே விழுந்தது. விழட்டும் என்றுதான் சொன்னார். அதே கோயிலில் ஆம்பளைப் பந்தியில் உட்கார்ந்து அப்பா இரண்டு தரம் சோறு வாங்கித் தின்றிருந்தார். ஒன்பது மாதம் கழித்து அவர் வந்தபோது யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. பொழைக்கப் போகிற இடத்தில் ஆம்பளை அதையெல்லாம் பார்க்க முடியாதாம்.

நான் சொல்ல வந்த கோபம் இதற்கு அப்புறம்தான். அடுத்த சனிக்கிழமை பெரியப்பா வழக்கம்போல் வாசலில் வந்து நின்றார், கையில் உலர் திராட்சைப் பொட்டலம். "எப்பவும்போல போட்டு வெச்சிரும்மா," என்றார். முகத்தில் ஒரு சுருக்கம் இல்லை. அம்மாவும் வாங்கி வைத்துவிட்டு, தலைக்குக் குளிக்கப் போனாள்.

எனக்கு ஆத்திரம் பொங்கியது. அம்மாவின் வாய்க்கு ஆகாதது அம்மாவின் கைக்கு மட்டும் எப்படி ஆகும்? தின்ற வாய் தீட்டு என்றால் அந்தச் சோற்றைப் பிசைந்ததும் இந்தக் கைதானே? "நீ காச்சாதம்மா, அவியளே காச்சிக்கட்டும்," என்று கத்தினேன். அம்மா துணியைப் பிழிந்துகொண்டே, "சும்மா இரு சாமி," என்றாள். அவ்வளவுதான். இவளுக்கு ரோசமே கிடையாதா என்று அவள்மேலும் ஆத்திரமாக வந்தது.

ஞாயிறு காலையில் அவள் ஆலயத்தைக் கூட்டிப் பாய் விரிக்கப் போனாள். அந்த வேலைக்கும் அவள் கை ஆகும். பாட்டில் ஜன்னலில் இருந்தது. நான் எடுத்துக்கொண்டு போய்த் துவைக்கிற கல்லுக்குப் பக்கத்தில் கவிழ்த்தேன். கடைசிச் சொட்டு வரைக்கும் கவிழ்த்தேன். பாட்டிலைக் கழுவி அதே இடத்தில் வைத்துவிட்டுத் தலைக்கு எண்ணெய் வைத்து ஜடை பின்னிக்கொண்டேன்.

அம்மா வந்து வெறும் பாட்டிலைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள், கல்லடியில் மொய்த்திருந்த எறும்பைப் பார்த்தாள். வெளியே போதகரின் பைக் சத்தம் கேட்டது. புதிதாகக் காய்ச்ச நேரமில்லை. சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு நேரே பெரியப்பாவிடம் போனாள். நானும் பின்னாலேயே ஓடினேன்.

"கை தவறிக் கொட்டிப் போச்சுங்க," என்றாள்.

அவர் திட்டின திட்டை எழுத மாட்டேன். திட்டிவிட்டு வீட்டுக்கு ஓடினார். வரும்போது துண்டுக்குள் மூன்று பாட்டில் இருந்தது. ஆலயத்துக்குப் பின்னால் நின்று கூஜாவில் ஊற்றி, கரண்டியை விட்டுக் கலக்கோ கலக்கென்று கலக்கிக் காற்றைப் போக்கினார். நான் சுவரோரம் நின்று பார்த்தேன். கெடா வெட்டில் அவருக்கு ஏற்றிவிட்ட அதே பெட்டிக் கலர். மூடிகூட அதே மஞ்சள் மூடி என்று அம்மா அப்புறம் சொன்னாள்.

போதகர்தான் முதலில் குடிக்க வேண்டும். குடித்தார். கிண்ணத்தை வாயிலிருந்து எடுக்காமல் ஒரு கணம் அப்படியே நின்றார். ஓரக்கண்ணால் பெரியப்பாவைப் பார்த்தார். பெரியப்பா ஜெபத்தில் இருப்பவர் மாதிரி கண்ணை இறுக்கி மூடிக்கொண்டார். அடுத்த ஊரில் பதினொரு மணி ஆராதனை காத்துக்கொண்டிருந்தது, போதகர் என்ன செய்வார், தொடர்ந்து நடத்தினார். கிராதி நெடுக முகங்கள் ஒவ்வொன்றாகச் சுளிந்தன. நடுவரிசையில் யாரோ நல்ல ஏப்பம் ஒன்று விட்டார்கள். கருப்பனார் விருந்தில் மிஞ்சினது மொத்தச் சபையின் தொண்டையிலும் இறங்கிக்கொண்டிருந்தது. அதைக் குடிக்காத பெரியவள் அந்த ஆலயத்திலேயே ஒருத்திதான், அவள் கடைசியில் செருப்புக் கழற்றும் இடத்துக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள். எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. திரும்பி அம்மாவைப் பார்த்துச் சிரித்தேன். அவள் சிரிக்கவில்லை.

வீட்டுக்கு வந்ததும் அடி விழும் என்று நினைத்தேன். அடிக்கவில்லை. அரிசி களைந்துகொண்டே சொன்னாள்.

"அவிய குடுக்காட்டிப் போறாங்க கண்ணு. நான் காச்சுனது அல்லாரு வாயிலயும் எறங்குதுன்னு நெனச்சுக்கிட்டு உக்காந்திருக்கலாம்னு இருந்தேன். அதுல நானும் இருக்கறன்ல்ல. அதையுங் கொட்டிப்போட்டியே."

எனக்கு அது விளங்கவில்லை. அவளுக்காகச் செய்ததற்கு அவளே குறை சொல்கிறாளே என்று மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொண்டேன்.

திடப்படுத்தல் வகுப்பில் போதகர் திருவிருந்தின் பொருளைச் சொல்லிக்கொடுத்தார். ஒரே அப்பத்தில் பங்கு வாங்குகிறவர்கள் எத்தனை பேரானாலும் ஒரே உடல் என்றார். நான் எழுந்து, "அப்ப எங்கம்மா எந்த உடம்புங்க ஐயா?" என்று கேட்டேன். அவர் முகம் சிவந்து போயிற்று. அதெல்லாம் பெரியவங்க விஷயம், உட்காரு என்றார். பதில் தெரியாதவர் ஏன் வகுப்பு எடுக்க வேண்டும் என்று வழியெல்லாம் முணுமுணுத்துக்கொண்டு வந்தேன். அடுத்த வகுப்புக்கு வரமாட்டேன், லிஸ்ட்டில் என் பேரையும் அடிக்கச் சொல் என்று அம்மாவிடம் சண்டை பிடித்தேன். அவள் அதிர்ந்து பேசி நான் கேட்டது அன்றைக்கு ஒருநாள்தான்.

"உன்ற பேர அடிச்சாங்கன்னா நான் பண்ணுனது அத்தனையும் வீணு," என்றாள். என்ன பண்ணினாள் என்று நான் கேட்கவில்லை.

மார்கழியில் டவுன் பெரிய ஆலயத்துக்குப் பேராயர் வந்தார். எனக்கு வெள்ளைப் பாவாடை, வெள்ளை முக்காடு. தலையில் கை வைத்தார். முதன்முதலாக அப்பமும் ரசமும் வாங்கிக்கொண்டு கடைசி வரிசைக்கு வந்தேன். அம்மா என் கையைப் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள்.

"எப்படி இருந்துச்சு கண்ணு?"

"சப்புன்னு இருந்துச்சும்மா. காகிதம் மாதிரி."

அம்மா சிரித்தாள். அந்த ஆறு மாதத்தில் அவள் சிரித்து நான் பார்த்தது அதுதான்.

மாசியில் தடை முடிந்தது. அம்மா எழுந்து நின்று, தப்புத்தானுங்க, மன்னிச்சுக்குங்க என்றாள். பெரியப்பா பெருந்தன்மையாகத் தலையாட்டினார். அடுத்த முதல் ஞாயிறு எல்லாரும் கிராதிக்குப் போனார்கள், அம்மா பாயை விட்டு எழவில்லை. அதற்கடுத்த மாதமும் எழவில்லை. இரண்டு வருஷம் இப்படியே போயிற்று. அப்பா வடக்கே இருந்த மாதங்களில் ஞாயிறு முடிந்த பிறகும் தூக்கமில்லாமல் புரண்டுகொண்டிருந்தாள், ஆனாலும் போகவில்லை. பரவாயில்லை, அம்மாவுக்கும் ரோசம் வந்துவிட்டது என்று நான் உள்ளுக்குள் கொண்டாடினேன். பிறகு வேறொரு போதகர் மாற்றலாகி வந்தார். அம்மா அவரிடம் பத்து நிமிஷம் தனியாக ஏதோ பேசினாள். அந்த ஞாயிறே கிராதிக்குப் போய் முழங்கால் போட்டாள். ரோசம் அவ்வளவுதானா என்று எனக்கு ஏமாற்றமாக இருந்தது.

இப்போது நான் சேலத்தில் இருக்கிறேன். போன மாதம் அம்மா வந்திருந்தபோது ஆட்டுக்கறி எடுத்திருந்தேன். குழம்பை உள்ளங்கையில் ஊற்றி, "உப்புப் பாரும்மா. பாத்துத் தின்னு, ஆறு மாசம் நிறுத்தி வெச்சிருவாங்க," என்றேன்.

"நான் எங்க தின்னேன்," என்றாள் அம்மா, குழம்பை நக்கிக்கொண்டே. "ரசமும் மோரும் ஊத்தித் தின்னுட்டு வந்தேன். வெச்சது நாலே துண்டு. நாலையும் முந்தானை மறைவுல எடுத்து உன்ற போசீலதான போட்டேன். உப்பு சித்தெ பத்தல."

அடுப்பை அணைத்துவிட்டேன். அப்படியானால் ஏன் தின்றதாகச் சொன்னாய் என்று கேட்டேன். என்னை அசடு என்பதுபோல் பார்த்தாள்.

"தின்னுலீன்னு சொல்லியிருந்தா, அப்ப கறி எங்கீன்னு கேப்பாங்கல்ல? உன்ற பேரு போயிருமே. போதகர்கிட்டயே பொய்யச் சொல்லிப்போட்டு எந்த மூஞ்சிய வெச்சுக்கிட்டு கிராதீல போயிக் கையேந்தறது? அதான் புது ஐயா வந்தொடனே சொன்னேன்."

ஒரு பொய் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். தின்றேன் என்று ஒன்று, பெண்ணுக்குக் கொடுக்கவில்லை என்று ஒன்று, கை தவறிக் கொட்டிவிட்டது என்று ஒன்று. மூன்றும் எனக்காக. பெரியப்பா நாலு துண்டு என்று என் காதுபடச் சொன்னார். என் போசியில் இருந்ததும் நாலு. ஏழாவது படிக்கிற பிள்ளை, நாலுக்கும் நாலுக்கும் முடிச்சுப் போடத் தெரியவில்லை.

பெரியப்பாவை விடுங்கள், போதகரை விடுங்கள். அன்றைக்கு நாலரை மணிக்கு அம்மா என் எதிரில் முழங்காலைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்து, எப்படி இருக்குது கண்ணு, உப்பு ஒறப்பெல்லாம் சரியா இருக்குதா என்று கேட்டாள். விருந்தில் உட்கார்ந்து தின்றுவிட்டு வந்தவள் அதை ஏன் என்னிடம் கேட்கிறாள் என்று எனக்குத் தோன்றவேயில்லை. இந்தா, நீயும் ஒரு துண்டு என்று நீட்டவுமில்லை. காரம் சித்தெ தூக்கல் என்று குறை சொல்லிவிட்டு, கடைசி எலும்பை உறிஞ்சிக்கொண்டிருந்தேன்.